பாலத்தை அறுக்கச் சொன்னார்

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். அடுத்ததாக இங்கே எல்லோரும் சுகம் என்று ஒரு வரி போட்டுவிட்டு மேலே போவதுதான் என் வழக்கம், இந்தத் தடவை பேனா அந்த வரியில் வந்து நிற்கிறது, அதனால் அதை எழுதாமல் விட்டுவிட்டு நேராகச் சமாச்சாரத்துக்கு வருகிறேன். போன் இருக்கும்போது இவள் ஏன் கூரியரில் கடிதம் அனுப்புகிறாள் என்று யோசிப்பாய். போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், ஸ்பீக்கரில் போடு என்கிறார், நான் வாயைத் திறப்பதற்குள் தன் பொம்மை ரயில் போகிற குகைக்குப் புதிதாகப் பூசிய வண்ணத்தைப் பற்றி உன்னிடம் பேச ஆரம்பித்துவிடுகிறார். போன மாதம் அப்பாவுக்கு வாயுப் பிடிப்பு, ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தார் என்று சொன்னோம், நானும் பக்கத்தில் இருந்து ஆமாம் வாயுதான் என்று ஒத்து ஊதினேன். அது வாயு இல்லை பாப்பா, நெஞ்சு. நின்றபடி படிக்கிறாய் என்றால் உட்கார்ந்துகொள். இதை எழுதும்போது அவர் கடைக்குப் பின்னால் இருக்கும் சரக்கு அறையில் கட்டிலில் படுத்திருக்கிறார், உயிரோடு நன்றாகத்தான் இருக்கிறார், கொஞ்ச நேரத்துக்கு முன்னால்கூடத் தேநீரில் சர்க்கரை இல்லை என்று என்னோடு சண்டை போட்டார். அதை முதலில் தெரிந்துகொண்டு மிச்சத்தைப் படி.

நீ கடைசியாக வந்துவிட்டுப் போனபோது மாடியில் உன் அறையில் அப்பாவின் பொம்மை ரயில் இரண்டு சுவர் ஓரமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நீ போனதும் மூன்றாவது சுவருக்குப் போனது, அப்புறம் நாலு சுவரையும் சுற்றிக்கொண்டது. இடுப்பு உயரத்துக்குப் பலகை, பலகை மேல் தண்டவாளம், மலை, குகை, ஸ்டேஷன், ஒரு கடைத்தெரு, ஒரு ஆறு. நாலாவது சுவரில்தானே கதவு இருக்கிறது என்று கேட்பாய். அந்த இரட்டைக் கதவுக்குக் குறுக்கேயும் பலகையைப் போட்டுவிட்டார், ஒரு கதவுக்கு நேரே கடைத்தெரு, மற்றக் கதவுக்கு நேரே ஆறும் பாலமும். உள்ளே போக வேண்டுமானால் பலகைக்கு அடியில் தவழ்ந்து போய் நடுவில் விட்டிருக்கும் இடத்தில் எழுந்து நிற்க வேண்டும். வீடியோவில் உனக்கு ரயிலைத்தான் காட்டுவார், தவழ்வதைக் காட்ட மாட்டார். உனக்குத் தெரிந்த அந்த இரண்டு கூட்டாளிகளும் ஞாயிறு தவறாமல் வந்துவிடுவார்கள். பேக்கரிக்காரர் தொப்பையோடு அடியில் மாட்டிக்கொண்டு, அண்ணே ஒரு தள்ளு தள்ளுங்க என்று கூப்பிடுவது கீழே கடை வரைக்கும் கேட்கும், வாங்க வந்தவர்கள் மேலே என்ன நடக்கிறது என்று என்னைப் பார்ப்பார்கள். பல் டாக்டர் ஒல்லி, அவர் பாம்பு மாதிரி நுழைந்துவிடுவார்.

அந்த மூன்று பேருக்குள் எல்லாமே விட்டுக்கொடுத்துப் போவதுதான். பேக்கரிக்காரருக்கு நீராவி எஞ்சின் வேண்டும், பல் டாக்டருக்கு மின்சார எஞ்சின் வேண்டும், தேநீருக்கு முன்னால் ஒன்று ஓடும், தேநீருக்குப் பின்னால் இன்னொன்று, மற்றவர் அந்த நேரத்தில் வாய் திறக்கக் கூடாது என்று ஒப்பந்தம். மலைக்குள்ளே பழைய நியூஸ் பேப்பர். காடு முழுக்க என் கடையில் பாத்திரம் தேய்க்க விற்கிற பஞ்சு, பச்சைச் சாயத்தில் முக்கியது. அடுத்த ஊர் என்று அவர்கள் சொல்வது நாலு எட்டு வைத்தால் வந்துவிடும். இதெல்லாம் கேலிக்கூத்தாக இல்லையா என்று நான் கேட்டால் மூன்று பேரும் ஒரே குரலில் ஒரு சட்டம் சொல்வார்கள், மூணடி தள்ளி நின்னு பார்த்தா சரியா இருந்தா அது சரி. அதற்குமேல் கிட்டே போய்ப் பார்க்கிறவன் ரயில்காரன் இல்லை, போலீஸ்காரன் என்பார் பேக்கரிக்காரர். உன் அப்பா விட்டுக்கொடுக்காத விஷயம் ஒன்றே ஒன்றுதான். கதவுக்கு நேரே பலகையை அறுத்துத் தூக்கித் திறக்கிற மாதிரி ஒரு கேட் வையுங்கள் என்று நான் எத்தனை வருஷமாகச் சொல்லியிருப்பேன். கூட்டாளிகளும் சொன்னார்கள், மற்ற ஊர்களில் பொம்மை ரயில் விடுகிறவர்கள் எல்லாம் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள் என்று படம் காட்டினார்கள். கேட் வைத்தால் தண்டவாளத்தில் இடைவெளி விழும், ஒவ்வொரு சுற்றிலும் சக்கரம் அங்கே டக்கென்று இடிக்கும், என் லைனில் அந்தச் சத்தம் கேட்கக் கூடாது என்று ஒரே பிடி. எனக்கும் அவருக்கும் இருந்த ஒப்பந்தம் வேறு, பலகைக்கு மேலே அவர் ரயில், பலகைக்குக் கீழே என் சரக்கு. ஆணிப் பெட்டி, குழாய் மூட்டு, பெயின்ட் டப்பா எல்லாம் அங்கேதான் அடுக்கியிருந்தேன், தவழ்கிறதுக்கு ஒரு சந்து மட்டும் விட்டிருந்தது.

அன்றைக்கு ஞாயிறு, அரை நாள் கடை. நான் கீழே ஒருவருக்கு ரப்பர் குழாய் அளந்துகொண்டிருந்தேன். மேலே ரயில் ஓடும் சத்தம் சல்லடையில் பட்டாணியை உருட்டுவது மாதிரி என் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டே இருக்கும், அது காதில் விழுவதே எனக்குத் தெரியாது, அவ்வளவு பழகிவிட்டது. அது நின்றது. நிற்பது புதிதில்லை, பெட்டி தடம் புரண்டால் நிற்கும், உடனே உன் ரயிலால் வந்தது, உன் தண்டவாளத்தால் வந்தது என்று மூன்று குரலும் கிளம்பும். அன்றைக்கு ஒரு குரலும் வரவில்லை. குழாயைக் கையில் பிடித்தபடி மேலே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் பேக்கரிக்காரர் மாடிப்படியில் இருந்து அக்கா என்றார், சத்தமாகக்கூட இல்லை. நீயே பார்த்திருக்கிறாய், சரக்கு லாரி பிரேக் பிடிக்காமல் கடைக்குள் புகுந்த அன்றைக்குக்கூடக் கல்லாவைப் பூட்டிவிட்டுத்தான் வெளியே வந்தேன். இந்தத் தடவை கல்லாவைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு ஓடினேன்.

கதவில் நின்று பார்த்தால் பாலத்துக்கு அந்தப் பக்கம் அவர் கால் இரண்டும் தெரிகிறது, முகம் தெரியவில்லை. நான் அந்தச் சந்தில் எப்படித் தவழ்ந்து போனேன் என்று கேட்காதே, என் உடம்பு இருக்கிற இருப்புக்கு அது வேறு நாளில் நடக்காது. கையைத் தொட்டால் ஈரத் துணி மாதிரி ஜில்லென்று இருந்தது. சட்டை முழுக்க வியர்வை. பல் டாக்டர் நாடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பல் டாக்டர் என்றாலும் டாக்டர்தானே என்று நான் அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்துவிட்டது, அதற்கு மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஒரு பெண்ணும் ஒரு ஆளும் ஸ்ட்ரெச்சரோடு மாடி ஏறி வந்து கதவுக்கு வெளியே நின்று பலகையைப் பார்க்கிறார்கள். இவர் உள்ளே எப்படிப் போனார் என்று அந்தப் பெண் கேட்டாள். தவழ்ந்து என்றேன். அவரைக் குனிய வைக்கக் கூடாது, உட்கார வைக்கக் கூடாது, தரையில் இழுக்கவும் கூடாது, படுக்க வைத்துத் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும் என்றாள். பலகைக்கு அடியில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளலாம் என்றால் பாதி வழியை என் ஆணிப் பெட்டிகள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. அவள் ஒரே வார்த்தை சொன்னாள். "எதையாவது அறுங்க."

நீ நம்ப மாட்டாய், இரண்டு பேரும் யோசித்தார்கள் பாப்பா. அவர் அங்கே கிடக்கிறார், இவர்கள் எங்கே அறுப்பது என்று ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள், கோயில் சிலையில் கை வைக்கச் சொன்ன மாதிரி. அப்புறம் பேக்கரிக்காரர் கடைத்தெருப் பக்கம் கையை வைத்தார். அப்போது உன் அப்பா கை மெல்ல மேலே வந்தது, ஏதோ சொன்னார், கேட்கவில்லை, பல் டாக்டர் குனிந்து காதை வைத்தார். நிமிர்ந்து, பாலத்தை அறுக்கச் சொல்கிறார் என்றார். நான் தவழ்ந்து வெளியே வந்து கடைக்கு இறங்கி, கொக்கியில் விற்பனைக்குத் தொங்கிய புது ரம்பத்தை எடுத்துக்கொண்டு ஏறினேன். பாலத்துப் பக்கக் கதவு திறந்து பல வருஷம், மேல் தாழ்ப்பாள் பெயின்ட்டில் ஒட்டிக் கிடந்தது, சுத்தியலால் அடித்து அடித்துத் திறந்தார்கள். பாலத்துக்கு அடியில் தடிமனான சட்டம், அதற்கடியில் இரும்புப் பட்டை. ரம்பம் போகிறது, வருகிறது, போகிறது, வருகிறது. நான் திரும்பவும் உள்ளே தவழ்ந்து போய் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து என்னங்க என்னங்க என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். ரம்பம் இழுக்கும்போதெல்லாம் அவர் முகம் சுருங்கியது. அது நெஞ்சுக்காகவா பாலத்துக்காகவா என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது.

இதற்கு நடுவில் அந்தப் பெண் வெளியே இருந்தபடியே வலி எப்போது ஆரம்பித்தது என்று கேட்டாள். பல் டாக்டர் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து, படித்த மனிதர், ராத்திரி பதினொன்றே கால் என்றார். வெளியே வெயில் கொளுத்துகிறது. அவள் இவரைக் குடித்துவிட்டுப் பேசுகிற ஆளைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள். அந்த அறையில் இருப்பது ரயில் கடிகாரம், ஒரு மத்தியானத்துக்குள் ஒரு முழு நாளின் ரயில்கள் எல்லாம் ஓடி முடிய வேண்டும் என்று வேகமாகச் சுற்றுகிற மாதிரி பண்ணி வைத்திருக்கிறார்கள். பேக்கரிக்காரர் திருத்துகிறேன் என்று வந்து, இல்லை இல்லை கடைசி பாசஞ்சர் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பினதும் என்றார். ஜன்னலைத் திரை போட்டு மூடியிருந்ததால் உண்மையில் மணி என்ன என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரும் முதலில் அதைத்தான் கேட்டார், வலி வந்து எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை வைத்துத்தான் மருந்தாம். மேலே சத்தம் நின்றபோது எதிர்த்த மருந்துக் கடைக்காரர் சாப்பாட்டுக்கு ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார், அவர் நேரம் தவறுகிற ஆளே இல்லை, அதை வைத்து நான் மணியைச் சொன்னேன். டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார். அந்தக் கதவுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் குனிந்து என்னைப் பார்த்தேன். கையில் ரம்பத்தூள் ஒட்டியிருந்தது, கழுவப் போகாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், எழுந்து போனால் அந்த நேரத்தில் வந்து கூப்பிடுவார்களோ என்று பயம்.

அங்கே வைத்துத்தான் பல் டாக்டர் என்னிடம் சொன்னார். கடைத்தெருப் பக்கம் வெறும் பிளைவுட், அதைப் பிடித்திருப்பது சில ஸ்க்ரூதான், கழற்றித் தூக்கியிருந்தால் உடனே வழி கிடைத்திருக்கும். அந்தத் தெருவில் நம் கடை இருக்கிறது. தீப்பெட்டி அளவுக்கு, பெயர்ப் பலகையோடு, வாசலில் தொங்குகிற வாளிகளோடு, உள்ளே மேஜைக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருப்பது மாதிரி ஒரு பொம்மையோடு. உன் அப்பா பல் டாக்டரின் காதில் சொன்னது இரண்டு விஷயமாம், முதலில் சொன்னது கடையைத் தொடாதே, அதற்கப்புறம்தான் பாலத்தை அறு. கேட்டதும் எனக்கு அவரை அங்கேயே எழுப்பி நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல இருந்தது. வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்த பிறகு கேட்டேன், உசுரு போகிற நேரத்தில் உங்களுக்கு அட்டைக் கடையா முக்கியம் என்று. அவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பாலத்தப் பல்லு டாக்டரே கட்டிருவான். அந்த வாளியெல்லாம் நான் கம்பியில ஒண்ணொண்ணா வளைச்சது. இனிமே எனக்குக் கண்ணு அந்த அளவுக்குத் தெரியாது." அந்த வாளியை வைத்துக்கொண்டு நான் மட்டும் தனியாக என்ன பண்ண, தண்ணி மொள்ளவா என்று கேட்டுவிட்டு முன்னால் கடைக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரம் யாருக்கும் சரக்கு எடுத்துக் கொடுக்க முடியவில்லை, கண் மறைத்துக்கொண்டு வந்தது.

இப்போது நிலவரம் என்ன என்று சொல்கிறேன். நெஞ்சுக்குப் போகும் குழாயில் மூன்று இடத்தில் அடைப்பு, பைபாஸ் செய்தே ஆக வேண்டும், ஆனால் சர்க்கரை இறங்கினால்தான் கத்தி வைப்போம் என்று மருந்து கொடுத்து அனுப்பினார்கள். மாடி ஏறக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, கோபப்படக் கூடாது. குழாய் அடைப்பு என்றால் என்னவென்று எனக்கு யாரும் விளக்க வேண்டாம், பாதி வாழ்க்கை குழாய் விற்றிருக்கிறேன், அதனால்தான் பயமாக இருக்கிறது. சர்க்கரை இறங்கிவிட்டது. டாக்டர் தேதி கொடுக்கிறேன் என்றார். இந்த மனிதர், பாலம் முடியட்டும், ரயில் ஒரு முழுச் சுற்று வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று டாக்டரிடமே சொல்கிறார். வெளியே வந்து நான் திட்டியதற்கு, லைனை அறுத்தபடி போட்டுவிட்டுப் போனால் எனக்கு நிம்மதி இருக்காது என்றார். போனால் என்ற அந்தச் சொல்லை எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவர் தூங்கும்போது போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன், நடுவில் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவேன். வாங்க வந்தவர்களுக்கு இந்தம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று தோன்றும்.

கூட்டாளிகள் இரண்டு பேரும் பாவம், பாலத்தைக் கட்டித் தருகிறோம் என்று தினமும் சாயங்காலம் வந்துவிட்டார்கள். ஆனால் என்ன செய்தார்கள் தெரியுமா, அவருக்கென்று செய்வதால் பழையதைவிட நன்றாக வர வேண்டும் என்று பிடிவாதம். பல் டாக்டர் பல் குடையும் ஊசியால் பாலத்துக்கு ஆணித்தலை ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார், கடுகில் பாதிகூட இருக்காது. பேக்கரிக்காரர் மாவு சலிக்கும் சல்லடையில் ஆற்று மணலைத் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். ஆற்றுத் தண்ணீருக்கு வார்னிஷ் ஊற்றுவதா கண்ணாடி வைப்பதா என்று இரண்டு சாயங்காலம் வாக்குவாதம். கீழே ஒருவர் மூச்சை எண்ணிக்கொண்டு படுத்திருக்கிறார், மேலே இவர்கள் தண்ணீரின் நிறம் பார்க்கிறார்கள். அன்பால்தான் செய்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும், அதனால் கத்தவும் முடியவில்லை. ஒரு நாள் மருந்து வாங்கிக்கொண்டு வருகிறேன், அவர் கட்டிலில் இல்லை. மாடிப்படியில் நாலாவது படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், உதடு வெளுத்திருக்கிறது. பாலம் எவ்வளவு ஆச்சுன்னு பார்க்கலாம்னு என்கிறார்.

அவரை இறக்கிப் படுக்க வைத்துவிட்டு நேராக மேலே போனேன். வியாபாரம் பேசுகிற மாதிரிதான் பேசினேன். உங்கள் சட்டம் என்ன, மூணடி. நான் கதவுக்கு வெளியே மூணடியில் நிற்கிறேன், எனக்கு இந்த ஆணித்தலையும் தெரியவில்லை, மணலும் தெரியவில்லை, தண்ணீர் தண்ணீராகத்தான் தெரிகிறது. பிறகு எதற்கு நாளைக் கடத்துகிறீர்கள் என்றேன். பல் டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். இன்னொன்றும் சொன்னேன், இந்தப் பாலம் இனி ஒட்டிக் கிடக்கக் கூடாது, தூக்கித் திறக்க வேண்டும், உங்கள் படத்தில் எப்படி இருக்கிறதோ அப்படி. அண்ணன் ஒத்துக்க மாட்டாரே அக்கா என்று பேக்கரிக்காரர் இழுத்தார். அண்ணனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கீழே வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்தேன். கேட் வைத்தால் டக்கென்று சத்தம் வரும் என்று அவர் ஆரம்பித்தார். நிஜ ரயில் ஓடும்போது என்ன சத்தம் வருகிறது, வழுக்கிக்கொண்டா போகிறது, டக் டக் என்றுதானே போகிறது என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எத்தனை வருஷம் ரயில் விடுகிறார், இதை ஒருத்தரும் அவரிடம் கேட்டதில்லை போல. இன்னொரு தடவை ரம்பத்தை நான் மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஏற மாட்டேன், ஏறவும் முடியாது என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, பித்தளைக் கீல்தான் போடணும், இரும்பு போட்டாத் துருப்பிடிக்கும் என்றார். அதுதான் அவர் சரி என்று சொல்கிற விதம். கடையில் இருந்ததிலேயே நல்ல பித்தளைக் கீலும் இரண்டு பித்தளைத் தாழ்ப்பாளும் எடுத்துக் கொடுத்தேன். தாழ்ப்பாளைப் போட்டால் தண்டவாளம் நேராக வந்து உட்காரவும் செய்யும், அதன் வழியாகவே கரண்ட்டும் போகும் என்று பல் டாக்டர் செய்து காட்டினார். என் ஆணிப் பெட்டி எல்லாவற்றையும் எடுத்து வாடகைக்கு ஒரு அறை பிடித்து மாற்றிவிட்டேன், உன் அறையில் பலகைக்கு அடியில் இப்போது ஒன்றும் கிடையாது.

போன ஞாயிறு ஓட்டினார்கள். அவர் மேலே வர முடியாது, நாற்காலியில் வைத்துத் தூக்குகிறோம் என்றார்கள், நான் விடவில்லை. அவர் கீழே கட்டிலில் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார், நான் மேலே போனேன். முதல் தடவை நீங்களே ஓட்டுங்கள் அக்கா என்று என் கையில் ரயிலை ஓட்டுகிற குமிழ் வைத்த பெட்டியைக் கொடுத்துவிட்டார்கள். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுக் குமிழைத் திருகினேன். ரயில் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பியது, குகைக்குள் போனது, வெளியே வந்தது, என் கடையைத் தாண்டியது. பாலத்துக்கு வரும்போது குமிழைத் திருப்பி நிறுத்திவிடலாமா என்று இருந்தது பாப்பா. ஒரு பொம்மை ரயிலுக்கு இப்படிப் பயப்படுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். டக் என்றது. அடுத்த பெட்டி டக். கடைசிப் பெட்டியும் டக் என்று தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டது. பேக்கரிக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நிறுத்தாதீர்கள், ஓடட்டும் என்று சொல்லிவிட்டு நான் கீழே ஓடினேன். அவர் அப்படியே கூரையைப் பார்த்துக்கொண்டு, ஒரு கை நெஞ்சில் இருக்க, படுத்திருந்தார். டக்குன்னு கேட்டுச்சே என்றார். கேட்கத்தான் செய்யும், கீல் என் கடைச் சரக்கு என்றேன். கொஞ்ச நேரம் மேலே சுற்றுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அது மறுபடியும் பாலத்துக்கு வந்து, டக் என்று, தாண்டிப் போனது. "பரவால்ல. நிக்காமத் தாண்டிருச்சு. தேதி வாங்கிக்கோ" என்றார்.

தேதி வாங்கிவிட்டேன். வருகிற மாதம் முதல் வாரம், செவ்வாய்க்கிழமை. இந்தக் கடிதம் உன் கைக்கு வந்த பிறகும் டிக்கெட் எடுத்து வந்து சேர உனக்கு நேரம் இருக்கும், அதற்காகத்தான் கூரியர்காரனைக் கடைக்கே வரச் சொல்லியிருக்கிறேன். அப்பா, அவளைக் கூப்பிடாதே, அவள் புது வேலையில் சேர்ந்திருக்கிறாள், லீவு கேட்டால் பெயர் கெட்டுவிடும் என்கிறார். உனக்கும் தெரியும், நான் இதுவரைக்கும் உன்னை வா என்று கூப்பிட்டதில்லை, வருகிறேன் என்று நீ சொன்னபோதெல்லாம் எதற்கு வீண் செலவு, இங்கே எல்லாம் நடக்கிறது என்றுதான் சொல்லியிருக்கிறேன். இப்போது கூப்பிடுகிறேன். டாக்டர் எவ்வளவோ நம்பிக்கையாகத்தான் சொல்கிறார், இந்த ஆபரேஷன் தினமும் செய்கிறோம் என்கிறார், உன் அப்பா வயதில் எத்தனையோ பேர் எழுந்து நடக்கிறார்கள் என்கிறார். அவர் சொல்வதைக் கேட்கும்போது தலையை ஆட்டுகிறேன், வெளியே வந்ததும் ஒரு வார்த்தையும் ஞாபகம் இருப்பதில்லை. கடையில் எல்லோரிடமும் சிரித்துப் பேசுகிறேன், பெயின்ட் கம்பெனி ஏஜெண்டிடம் வழக்கம்போல் பேரம் பேசி அவனை அழ வைத்தேன், புதிதாக வந்த குழாய்கள் ஒழுகுகின்றன என்று மூட்டையோடு திருப்பி அனுப்பினேன். மூணடி தள்ளி நின்று பார்க்கிறவர்களுக்கு நான் நன்றாகத்தான் இருக்கிறேன். நீ அதைவிட எவ்வளவோ தள்ளி இருக்கிறாய், போனில் என் குரலைக் கேட்டு அம்மா தைரியமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வாய் என்றுதான் இதையெல்லாம் எழுதினேன். ஆபரேஷன் அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரிக் கதவுக்கு வெளியே நான் மறுபடியும் உட்கார வேண்டும். தனியாக உட்கார என்னால் முடியாது. கூட்டாளிகள் வருவார்கள், நல்லவர்கள்தான், ஆனால் அவர்களுக்கு மணி பார்க்கத் தெரியாது.

இப்போதெல்லாம் சாயங்காலம் அவர்கள் இரண்டு பேரும் வந்து மேலே ரயிலை ஓட்டிவிட்டுப் போகிறார்கள், அவர் கீழே இருந்து கேட்டுக்கொண்டு, இது நீராவி, இது மின்சாரம் என்று சத்தத்தை வைத்தே எனக்குச் சொல்கிறார். சத்தம் நின்றால் என் கையும் நின்றுவிடுகிறது. மேலே ஓடும்போது நான் கவனிக்கிறதே இல்லை, நிற்கும்போதுதான் கேட்கிறது. அதனால் நிறுத்துவதற்கு முன்னால் தரையை ஒரு தட்டுத் தட்டிச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன், மறக்காமல் தட்டுகிறார்கள்.

வருவதாக இருந்தால் சாமான் வாங்குகிறேன் என்று பெட்டியை நிரப்பாதே, இங்கே கிடைக்காதது ஒன்றும் இல்லை. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் மனஸ்தாபம் வேண்டாம், நீ மட்டும் வா, அவர் சாப்பாட்டை அவரே பார்த்துக்கொள்வார். ஆனால் அவர் அப்பாவுக்கும் சர்க்கரை உண்டு, ஞாபகம் வைத்துக்கொள், மாப்பிள்ளையை ஒரு தடவை ரத்தம் கொடுத்துப் பார்க்கச் சொல், அலட்சியம் வேண்டாம். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, வேலை செய்கிற இடத்தில் எல்லோருக்கும் நல்ல பிள்ளையாக இருக்க வேண்டும் என்று இழுத்துப் போட்டுக்கொண்டு செய்யாதே, இல்லை என்று சொல்லப் பழகு, அதை நான் கற்றுக்கொள்ளவே எனக்குப் பாதி ஆயுசு ஆயிற்று. விமானத்தில் கால் நீட்டி உட்கார், நடுவில் எழுந்து நட. நான் எழுதியது அப்பாவுக்குத் தெரிய வேண்டாம், நீயாகத் தோன்றி வந்த மாதிரி வந்து நில், அவர் கோபப்படுகிற மாதிரி நடிப்பார், நம்பாதே.

நீங்கள் இரண்டு பேரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், உன் கையால் எனக்கும் அவருக்கும் செய்ய வேண்டியதெல்லாம் இன்னும் ரொம்ப நாள் கழித்து வரட்டும். டிக்கெட் எடுத்ததும் போனில், அம்மா பித்தளைக் கீல் என்ன விலை என்று மட்டும் கேள், நான் புரிந்துகொள்வேன்.

உன் வரவைப் பார்த்துக்கொண்டு கடையில் உட்கார்ந்திருக்கும்,
உன் அம்மா

ஒன்று எழுத விட்டுப்போயிற்று. உன் அறைக்குள் போக இனி தவழ வேண்டாம். வலது பக்கத்தில் இருக்கிற தாழ்ப்பாள் இரண்டையும் இழுத்துவிட்டுப் பாலத்தைத் தூக்கு, வழி இருக்கிறது.